தூக்கிட்டு வந்தா போதுமா? - வடசென்னை வீடுகளுக்குள் வந்த தெருக் குட்டிகளும், குடும்பத்துக்கே வந்த வேலைகளும்!

2020 பிப்ரவரி மாதம். சீனாவிலிருந்து பொம்மைகளை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்த ஒரு கன்டெய்னருக்குள், பொம்மைகளுக்கு நடுவே உயிரோடு ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் உலகத்தைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்திருந்த நேரம். 'வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும்' என்றது அதிகாரிகள் தரப்பு. 'வாயில்லா ஜீவனை மறுபடி கப்பலேற்றி அனுப்பினால் வழியிலேயே செத்துப்போகும்' என்று பீட்டா இந்தியா அமைப்பு எதிர்த்தது. நீண்ட இழுபறிக்குப் பிறகு பூனை பிழைத்தது, விடுவிக்கப்பட்டது.

அது செய்தியான பூனை. செய்தியாகாத பூனைகளும் நாய்களும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தினமும் யாரோ ஒருவரின் கையில் ஏறி, யாரோ ஒருவரின் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளையின் பைக்குள் ஒரு பூனைக்குட்டி. நைட் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாவின் ஸ்கூட்டர் முன்பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி. வாசலில் நிற்கும் அம்மாவின் முதல் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னாடா இது... எங்கேர்ந்து தூக்கினு வந்த?"

தூக்கி வருவதற்கு ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு வரும் பத்து, பன்னிரண்டு வருடங்கள்தான் விஷயமே. அதை ஒருவரால் மட்டும் சமாளிக்க முடியாது, வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்துதான் சமாளிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் தூக்கி வரப்பட்ட குட்டிதான் மூன்றாவது மாதமே மறுபடி தெருவுக்குப் போகிறது. இந்த முறை அதற்குத் தெருவில் பிழைக்கவும் தெரியாது.

எங்கிருந்து வருகின்றன?

வடசென்னைக்கென்று சில இடங்கள் உண்டு. முதலாவது, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏலம் நடக்கும் இடத்தைச் சுற்றி விழும் மீன் கழிவை நம்பியே பூனைகளும் நாய்களும் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகின்றன. ஆனால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு போகாவிட்டால் மீன் வரத்து குறையும், கழிவும் குறையும். மீனவர் வீட்டில் காசு இறுகும் அதே வெயில் காலத்தில்தான் துறைமுகத்துப் பூனைக்கும் வயிறு காயும். எலும்பும் தோலுமான குட்டிகளைப் பார்த்து மனசு கேட்காமல் வீட்டுக்கு எடுத்து வருபவர்கள் இந்த நேரத்தில் அதிகம்.

இரண்டாவது, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையும் மணலி சாலையும். வெயிலுக்கு லாரியின் அடியில் படுக்கும் நாய், மழைக்கு இன்ஜின் சூட்டைத் தேடிப் போகும் பூனைக்குட்டி என எல்லாமே ஆபத்துதான். வண்டியை எடுக்கும் முன் பானெட்டைக் கையால் நாலு தட்டு தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும் டிரைவர் எத்தனையோ குட்டிகளைக் காப்பாற்றிவிடுகிறார். கார், ஆட்டோ வைத்திருப்பவர்களும் மழைக்காலத்தில் இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மழைக்காலமேதான். தண்ணீர் தேங்கும் தெருக்களில் குட்டிகள் மிதந்து, நனைந்து, படிக்கட்டுகளில் ஒதுங்கி நிற்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தனியாகக் கிடக்கும் எல்லாக் குட்டியும் அநாதை அல்ல. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும். குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். உடனே ஆபத்து ஏதும் இல்லையென்றால் தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். தாய் திரும்பி வந்தால், குட்டிக்கு அதைவிட நல்ல இடம் எதுவும் இல்லை. கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து பாலூட்ட வேண்டிவரும். அது முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

வீட்டுக்குள் முதல் பஞ்சாயத்து

ஒண்டுக்குடித்தனம், லைன் வீடு, குடியிருப்பு வாரிய ஃபிளாட்... இந்தப் பகுதியின் வீடுகளில் பலவற்றில் ஒரே அறைதான் ஹால், அதுவே பெட்ரூம், அதன் மூலையே கிச்சன். ஐந்து பேர் படுக்கும் இடத்தில் ஆறாவதாக ஓர் உயிர் வரும்போது எதிர்ப்பு வருவது இயல்பு. எதிர்ப்பவர்களைக் 'கல்நெஞ்சக்காரர்கள்' என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலும் வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைப்பவர்தான் வேண்டாம் என்கிறார். ஏனென்றால் அந்த வேலை யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

அதனால் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. காலையில் யார் வெளியே கூட்டிப்போவது? அசிங்கம் செய்தால் யார் அள்ளுவது? ஊசிக்கு, டாக்டருக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது? தூக்கி வந்த பிள்ளைக்குப் பத்து வயது என்றால், இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 'நான் பாத்துக்கறேன்' என்று பிள்ளை கொடுக்கும் வாக்கு அடுத்த பரீட்சை வரைதான் தாங்கும். பிள்ளைக்குத் தண்ணீர்க் கிண்ணம் கழுவும் வேலையைக் கொடுக்கலாம், ஊசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போடும் வேலையைக் கொடுக்கலாம். முழுப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மறைத்து வளர்த்து, ஒருநாள் குரைப்புச் சத்தத்தில் மாட்டிக்கொண்டு, 'நாயா, வீடா' என்று கேட்கப்படும் நிலையில் தோற்பது பெரும்பாலும் நாய்தான். 'தடுப்பூசி போட்டிருக்கிறோம், கருத்தடை செய்யப்போகிறோம், மாடிப்படியை நாங்களே கழுவுகிறோம்' என்று கையில் பேப்பரோடு பேசினால் பாதி ஓனர்களாவது இறங்கி வருவார்கள்.

ஆயாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் 'இத்த வெளிய வுடு' என்று விரட்டும் ஆயாதான், பகல் முழுக்க வீட்டில் இருப்பவர். எல்லோரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போன பிறகு அந்தக் குட்டிக்குத் துணை அவர் மட்டும்தான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவருடைய கட்டிலுக்கு அடியில்தான் அது படுத்திருக்கும். 'இத்துக்கு யாராச்சும் சோறு வச்சீங்களா?' என்று கேட்பவரும் அவராகத்தான் இருப்பார். சம்மதம் சில வீடுகளில் வாயால் வராது, இப்படித்தான் வரும்.

மூன்று நாள்... மூன்று வாரம்... மூன்று மாதம்!

தெருவிலிருந்து வந்த பிராணி வீட்டுக்குப் பழகுவதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒரு எளிய கணக்கு இது. முதல் மூன்று நாள்கள் பயம்: சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் ஒளியும், தொட்டால் சீறும். மூன்று வாரங்களில் வீட்டின் நேரம் புரியும்: குக்கர் விசில் சத்தம், அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம், எப்போது சோறு என்பதெல்லாம். மூன்று மாதங்களில்தான் 'இது நம்ம வீடு' என்ற நம்பிக்கை வரும். 'நாலு நாளாச்சு, இன்னும் கிட்டவே வரலை' என்று அலுத்துக்கொண்டு திருப்பி விடுபவர்கள், அதற்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைக் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம்.

இந்த மூன்று நாள்களில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு அட்டைப்பெட்டி, பழைய நைட்டித் துணி, தண்ணீர்க் கிண்ணம், அமைதியான ஒரு மூலை. தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால், டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை புதியதைத் தனியாக வையுங்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தொற்றும். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சுருண்டு படுத்தல் - இந்த மூன்றும் தெரிந்தால் 'காலையில பாக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு, தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை உடனே கொண்டு வரக் கூடாது.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது, குளிப்பாட்ட டெட்டால் ஊற்றுவது இரண்டும் தவறு. பினாயில் வகைத் திரவங்கள் பூனைக்கு விஷம். துடைத்த தரையில் நடந்துவிட்டு, காலை நக்கினாலே உள்ளே போய்விடும். தரை காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். அதேபோல், காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. மனிதருக்கு ஒத்துக்கொள்ளும் அந்த மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

'குட்டிதானே' என்று நினைக்காதீர்கள்!

2025 ஜூன் மாதத்தில் நாட்டையே உலுக்கிய ஒரு சம்பவம். உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில் 22 வயது கபடி வீரர் ஒருவர் சாக்கடையில் விழுந்து கிடந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். அப்போது அது விரலில் லேசாகக் கடித்தது. சின்னக் காயம்தானே என்று அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்து ரேபிஸ் அறிகுறிகள் வந்தன. காப்பாற்ற முடியவில்லை.

நல்லது செய்யப் போன இடத்தில் போன உயிர் அது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால், கடித்தவுடன் சரியாகச் செய்தால் முழுவதுமாகத் தடுத்துவிடலாம். எனவே தெருவிலிருந்து குட்டியைத் தூக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்:

* கடித்தாலோ, பிறாண்டினாலோ, ஏற்கெனவே இருக்கும் காயத்தை நக்கினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது.
* மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டும் போடாதீர்கள்.
* அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கைக்கெட்டும் தூரம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம்.
* முதல் ஊசியோடு நின்றுவிடாதீர்கள். 0, 3, 7, 28 என்று டாக்டர் எழுதித் தரும் நாள்களில் எல்லா டோஸும் போட்டாக வேண்டும். ரத்தம் வந்த ஆழமான காயத்துக்கு, காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவிகிதம் வரை நாய் மூலம் வருகிறது. கடிபடுபவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். திட்டு விழும் என்று பயந்து கடிபட்டதை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. 'கடிச்சா சொல்லு, அடிக்க மாட்டோம்' என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். இந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும்.

பால், மீன், கருவாடு... எது சரி?

பூனை என்றால் பால் என்பது சினிமாவில் சரி. பல பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காது, பேதியாகும். குட்டி ஏற்கெனவே வாடிப்போயிருந்தால் அந்தப் பேதியே ஆளை முடித்துவிடும். தாயில்லாத சின்னக் குட்டிகளுக்கென்றே கடைகளில் பால் பவுடர் கிடைக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

மீன் கிடைக்கும் ஊர் இது. ஆனால், மத்தி போன்ற சில மீன்களைத் தினமும் பச்சையாகவே கொடுத்தால் உடம்பிலுள்ள பி1 வைட்டமின் அழிந்து நரம்புக் கோளாறு வரும். வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். கருவாட்டில் உப்பு மிக அதிகம், வேண்டாம். வெங்காயம், சாக்லேட், திராட்சை நாய்க்கு ஆகாது. மீன் குழம்பில் வெங்காயமும் இருக்கிறது, காரமும் இருக்கிறது என்பதால் குழம்புச் சோறும் கூடாது. குழம்பு வைக்கும் முன்னாலேயே இரண்டு துண்டு மீனை உப்பு, காரம் இல்லாமல் தனியாக வேகவைத்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தலை, வால் பகுதிகளை வேகவைத்துக் கொடுப்பவர்கள் முள்ளை மட்டும் கவனமாக எடுத்துவிட வேண்டும்.

மழை எச்சரிக்கை வந்தால்...

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய்த் தண்ணீர் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. இறக்கை முழுக்க எண்ணெய் படிந்த கூழைக்கடா பறவைகளின் படங்கள் நாடு முழுக்கப் பரவின. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் அமோனியா வாயுக் கசிவு ஏற்பட்டு, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள்.

இந்தப் பகுதியில் பிராணி வளர்ப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் குழந்தையையும் கேஸ் புக், ஆதார் பையையும் தூக்கிக்கொண்டு ஓடும்போது, நாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போவதுதான் ஆகப்பெரிய ஆபத்து. தண்ணீர் ஏறினால் அது அங்கேயே முடிந்துவிடும். கூட்டிப்போக முடியாத நிலை என்றால், குறைந்தபட்சம் அவிழ்த்துவிடுங்கள். மாடி உள்ள வீட்டுக்காரரிடம் மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிய ஒரு தகடு இருந்தால், தொலைந்தாலும் திரும்பி வர வழி உண்டு. பூனைக்கு மூடி உள்ள பிளாஸ்டிக் காய்கறிக் கூடை ஒன்று போதும். அதையே மழை இல்லாத நாள்களில் அதன் படுக்கையாகப் பழக்கிவிட்டால், அவசரத்தில் பிடித்து அடைக்கப் போராட வேண்டியிருக்காது.

உடம்பில் எண்ணெய் படிந்துவிட்டால், நக்கவிடாமல் முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். மண்ணெண்ணெயோ தின்னரோ வேண்டாம். வயிற்றுக்குள் போயிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். பறவையோ ஆமையோ சிக்கினால் வீட்டுக்குக் கொண்டு வராமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வன உயிரினத்தை வீட்டில் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

ஊசி, கருத்தடை, உரிமம்

வடசென்னையிலிருந்து பலரும் போகும் இடம் வேப்பேரி. 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்குதான் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். மெட்ரோவில் பிராணிகளுக்கு அனுமதியில்லை என்பதால் ஆட்டோ செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் திரு.வி.க. நகரிலும் இருக்கிறது.

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான முதல் ஊசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடா வருடம். பூனைக்கும் ரேபிஸ் ஊசி உண்டு. 'வீட்டை விட்டே போகாதே' என்று பூனை விஷயத்தில் யாரும் சத்தியம் செய்ய முடியாது!

அடுத்தது கருத்தடை. இதில் தயங்குபவர்கள் அதிகம். 'பாவம், ஒரு தடவை குட்டி போடட்டுமே' என்பார்கள். அந்த ஒரு தடவையில் பிறக்கும் ஐந்து குட்டிகளுக்கு ஐந்து வீடு யார் பார்ப்பது? சென்னை மாநகராட்சியின் கணக்கெடுப்பில் 2018-ல் 57,366 ஆக இருந்த தெருநாய்கள், 2024-ல் சுமார் 1.8 லட்சம் ஆகிவிட்டன. வீட்டில் பிறந்து தெருவில் விடப்படும் குட்டிகளும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகின்றன.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். கட்டணம் 50 ரூபாய்தான். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, நாயின் போட்டோ வைத்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மைக்ரோசிப் பொருத்துவதையும் 2025-ல் மாநகராட்சி கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. தெருவிலிருந்து வந்த நாட்டு நாயாக இருந்தாலும், வீட்டுக்குள் வந்த பிறகு அது உங்கள் நாய். 'தெருநாய்தானே' என்ற பதில் செல்லாது.

உச்ச நீதிமன்றமும் இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது. தெருநாய்கள் பற்றி 2025 ஆகஸ்ட் 22 அன்று வழங்கிய உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்ற நீதிமன்றம், அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் கூறியது.

ஒரு குடும்பம் தொடங்கியது...

வடசென்னையின் பழைய ஆட்களுக்கு பேசின் பிரிட்ஜ் என்றதும் நாய் வண்டி ஞாபகத்துக்கு வரும். மாநகராட்சி பிடித்த நாய்களைக் கொண்டு போய்க் கொன்ற இடம் அது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய அந்த முறை பல பத்தாண்டுகள் நீடித்தும் நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் ஒழியவில்லை. 1996-ல்தான் மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது.

அந்த மாற்றத்துக்காக வருடக்கணக்கில் வாதாடிய அமைப்பு புளூ கிராஸ். அது தொடங்கியதே ஒரு குடும்பத்தில்தான். 1959-ல் ஒரு மழை நாளில், விமானி கேப்டன் வி.சுந்தரம் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளைப் பார்த்து வீட்டுக்கு எடுத்து வந்தார். மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மகன் சின்னி கிருஷ்ணாதான் பிற்பாடு, 'கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள்' என்று மாநகராட்சியிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். தூக்கி வந்தவர் ஒருவர் என்றாலும், அதை அமைப்பாக வளர்த்தது மொத்தக் குடும்பமும்தான்.

எல்லா வீடும் புளூ கிராஸ் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். வீட்டில் இடமில்லை, ஆள் இல்லை, ஆயாவுக்கு மூச்சிரைப்பு, மாதக் கடைசியில் பால் வாங்கவே காசில்லை... இப்படிப் பல நியாயமான காரணங்கள் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் குற்ற உணர்ச்சியோடு ஒரு குட்டியைத் தூக்கி வந்து திணற வேண்டியதில்லை. தெருவிலேயே இருக்கும் நாயைக் கருத்தடைக்கு அனுப்ப மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்யலாம். சிகிச்சை முடிந்து அதே தெருவுக்குத் திரும்பி வரும் நாயை, காதில் போட்ட வெட்டு அடையாளத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, விரட்டாமல் விடலாம். மீன்பிடித் தடைக்காலத்திலும் கத்தரி வெயிலிலும் வாசலுக்கு வெளியே ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வேப்பேரிக்குப் போகும் அன்று, அவர் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளலாம். இதுவும் உதவிதான்.

தூக்கி வர முடிவெடுத்துவிட்டவர்கள், இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒரு காலண்டரை எடுத்து வைத்து உட்காருங்கள். முதல் ஊசி, அடுத்த ஊசி, குடற்புழு மருந்து, கருத்தடை, உரிமம் புதுப்பிப்பது என்று ஐந்து தேதிகளையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே கூட்டிப்போகப் போகிறவரின் பெயரையும் எழுதுங்கள். ஐந்து இடத்திலும் ஒரே பெயர் வந்தால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். வேறு வேறு பெயர்கள் வந்தால், அட்டைப்பெட்டியைத் தயார் செய்யலாம்.